பாய் விரித்த அறையா, கட்டில் போட்ட அறையா?



சென்ற ஆண்டு பள்ளி விடுமுறை தொடங்கிய வாரத்தில் என் பழைய மாணவி ஒருத்தி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்தவள். இப்போது பட்டணத்தில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். பதினொரு ஆண்டுச் சேவை. உட்கார்ந்ததும் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். காகிதம் ஒட்டிய தள்ளு கதவு, தரை முழுக்கப் பாய், வெளியே சிறிய தோட்டம், கல்விளக்கு.

"சார், அப்பா அம்மாவக் கியோத்தோவுக்குக் கூட்டிட்டுப் போறேன். நாலு ராத்திரி. இந்தப் பழைய சத்திரத்துலயே நாலு ராத்திரியும் தங்கிடலாம்னு பார்க்கிறேன். நீங்க போயிட்டு வந்தவங்க. எப்படின்னு சொல்லுங்க" என்றாள்.

நான் கேட்ட முதல் கேள்வி, "அம்மாவால் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியுமா?" என்பதுதான். அவள் பேசாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் பால்வெட்டு, பிறகு கித்தா மரங்களை அழித்துச் செம்பனை போட்டதும் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. குந்திக் குந்தி இரண்டு முட்டிகளும் தேய்ந்து போனவர். வயது அறுபத்தெட்டு. தகப்பனாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. விடியற்காலை நாலரைக்குப் பிரட்டுக்கு எழுந்த பழக்கம், வேலை நின்ற பிறகும் அவரை விடவில்லை. இந்த இருவரையும் எங்கே படுக்க வைப்பது என்பதுதான் அன்று எங்கள் முன் இருந்த கேள்வி. இன்று உங்களோடு பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

நம்மில் பலருக்கு ஜப்பான் இப்போது எட்டாத ஊர் அல்ல. 1982ல் கிழக்கு நோக்கும் கொள்கை தொடங்கியதிலிருந்து நம் நாட்டுப் பிள்ளைகள் படிக்கவும் பயிற்சி பெறவும் அங்கே போய் வருகிறார்கள். 2013 ஜூலை முதல் மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் குறுகிய பயணத்துக்கு விசா எடுக்க வேண்டியதில்லை. கியோத்தோவில் விமான நிலையம் கிடையாது. ஒசாக்காவுக்குத் தெற்கே கடலில் மண் கொட்டி அமைத்த கன்சாய் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகப் பயணம் செய்ய வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

கியோத்தோ 794ஆம் ஆண்டு முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பேரரசரின் தலைநகரமாக இருந்த ஊர். எடோ என்ற இன்றைய தோக்கியோவிலிருந்து புறப்பட்ட பெருஞ்சாலை, 53 தங்குமிடங்களைக் கடந்து, கியோத்தோவின் சன்ஜோ பாலத்தில் வந்து முடிந்தது. கோயில் பார்க்க வருவோர், வணிகம் செய்ய வருவோர் என்று சதா சனக்கூட்டம் வந்து போகும் ஊரில் தங்குமிடத் தொழில் வளர்ந்ததில் வியப்பில்லை. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்கு இந்த நகரம் பெரும்பாலும் தப்பியதால், பழைய மர வீடுகள் இன்னும் நிற்கின்றன. 1818ல் தொடங்கிய ஹீராகியா என்ற சத்திரம் இன்றும் அங்கே நடக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் தவாராயா முந்நூறு ஆண்டுகளைத் தாண்டியது. அவை நம் கைக்கு எட்டுபவை அல்ல. ஆனால் அதே முறையில் நடக்கும் சிறிய சத்திரங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ஜப்பானியர் இவற்றை ரியோகான் என்பார்கள்.

ரியோகான் அறையில் கட்டில் இருக்காது. தரை முழுவதும் தத்தாமி என்ற பாய். நாம் சுருட்டி வைக்கும் பாயைப் போன்றதல்ல அது. உள்ளே வைக்கோலை இறுக்கி அடைத்து, மேலே கோரையை ஒத்த ஒரு புல்லைப் பின்னி, ஏறக்குறைய இரண்டு அங்குலத் தடிப்பில் தரையோடு பதித்திருப்பார்கள். அறையின் அளவையே "ஆறு பாய் அறை", "எட்டுப் பாய் அறை" என்றுதான் சொல்வார்கள். கியோத்தோப் பாய் ஒன்று 191 சென்டிமீட்டர் நீளமும் அதில் பாதி அகலமும் கொண்டது. தோக்கியோப் பாயைவிடப் பெரியது. எட்டுப் பாய் அறை என்றால் பன்னிரண்டரை அடிச் சதுரம். லயத்து வீட்டில் பிள்ளை குட்டிகளோடு படுத்தெழுந்த நமக்கு அது சின்ன அறையாகத் தெரியாது.

பகலில் அந்த அறையின் நடுவே ஒரு தாழ்ந்த மேசை. அதே அறையில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் மேசையை ஒதுக்கிவிட்டு, சுவர் அலமாரியிலிருந்து ஃபூத்தோன் என்ற பஞ்சு மெத்தையை எடுத்துப் பணிப்பெண் விரித்துவிட்டுப் போவார். இப்படி ஒரே அறை சாப்பாட்டு அறையாகவும் படுக்கையறையாகவும் மாறுகிறது. நமக்கு இதில் புதுமை என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அஞ்சடியில் பாய் போட்டுப் படுத்தவர்கள்தானே நாம்!

புதுமை வேறு இடத்தில் இருக்கிறது. ரியோகானில் நாம் வாடகைக்கு எடுப்பது அறையை மட்டும் அல்ல. ஒரு வீட்டின் ஒழுங்கையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம். கட்டணம் அறைக்கு அல்ல, ஆளுக்கு. பெரும்பாலும் இரவுச் சாப்பாடும் காலைப் பசியாறலும் அதில் சேர்ந்திருக்கும். பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு வந்து சேர வேண்டும். ஆறு அல்லது ஏழு மணிக்குச் சாப்பாடு. மறுநாள் காலை பத்து மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். சிறிய சத்திரங்களில் இரவு வாசற்கதவைச் சாத்தும் நேரமும் உண்டு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பன்னிரண்டு ஆசிரியர்கள், மாதாமாதம் பணம் சேர்த்துக் கியோத்தோவுக்குப் போனோம். ஒரே ஓர் இரவு ஒரு சிறிய ரியோகானில் தங்க ஏற்பாடு. சாப்பாடு ஆறரைக்கு என்று முன்பே எழுதியிருந்தார்கள். நாங்களோ கடைத்தெருவில் நின்று பார்த்துவிட்டு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பணம் கொடுத்திருக்கிறோம், எப்போது போனால் என்ன என்ற எண்ணம். போய்ப் பார்த்தால், பன்னிரண்டு பேருக்கும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஏழெட்டு வகை வைத்து, எல்லாம் ஆறிப்போய்க் கிடக்கிறது. வீட்டுக்கார அம்மாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் எழுந்து, குனிந்து, எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்! சாப்பாடு சூடாக இல்லையே என்று. அன்று அந்தச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. போதாக்குறைக்கு நான், கழிவறைக்கென்று தனியாக வைத்திருக்கும் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்துவிட்டேன். பிள்ளைகளுக்கு ஒழுங்கு சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்!

ஆகவே ரியோகானுக்குப் போகிறவர்கள் சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வாசலில் காலணியைக் கழற்றி, அவர்கள் கொடுக்கும் செருப்பைப் போட வேண்டும். பாய் மீது அந்தச் செருப்பும் கூடாது. கழிவறைக்குத் தனிச் செருப்பு, அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். சுவரில் ஒரு மாடம் போல் ஒதுக்கி, ஒரு சித்திரமும் பூவும் வைத்திருப்பார்கள். அது பெட்டி வைக்கும் இடமல்ல. உடுத்திக்கொள்ள யுக்காத்தா என்ற பருத்தி அங்கி தருவார்கள். அதன் இடப்பக்கம் மேலே வரும்படி கட்ட வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்குக் கட்டும் முறை.

அடுத்தது குளியல். இதைச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பெண்கள் சங்கடப்படுவது இங்கேதான். பல ரியோகான்களில் அறைக்குள் குளியலறை இருக்காது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று பொதுக் குளியல் தொட்டி. உடம்பில் துணி எதுவும் இல்லாமல்தான் இறங்க வேண்டும். அதற்கு முன், வெளியே சின்ன முக்காலியில் உட்கார்ந்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, நுரை இல்லாமல் கழுவிவிட வேண்டும். தொட்டி அழுக்குப் போக்க அல்ல, சூட்டில் ஊறுவதற்கு. ஒருவர் ஊறிய தண்ணீரில்தான் அடுத்தவரும் ஊறுவார். நாற்பது பாகைக்கு மேல் சூடு இருக்கும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நெடுநேரம் ஊறக்கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. என் மாணவியின் தாயாருக்கு முன்கையில் பச்சை குத்தியிருக்கிறது. சின்ன வயதில் குத்தியது, கோலம் போன்ற ஒரு புள்ளி வேலை. நம் மூத்த பெண்களில் பலருக்கு அப்படி உண்டு. ஜப்பானிலோ பச்சை குத்துவது குண்டர் கும்பல்களின் அடையாளமாக நெடுங்காலம் கருதப்பட்டதால், பல பொதுக் குளியல் இடங்களில் பச்சை குத்தியவர்களை உள்ளே விடமாட்டார்கள். முட்டி தேய்ந்த ஒரு கிழவியைக் குண்டர் என்று யாரும் நினைக்கப்போவதில்லை. ஆனாலும் வாசலில் வைத்து மறுத்துவிட்டால் அந்த அம்மாவின் மனம் என்ன பாடுபடும்? இதற்கு வழி உண்டு. குடும்பத்துக்கென்று ஒரு மணி நேரம் தாளிட்டுக்கொள்ளும் தனிக் குளியலறை சில சத்திரங்களில் இருக்கிறது. அறை பிடிக்கும்போதே அதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

சாப்பாட்டையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். மாட்டிறைச்சி சாப்பிடமாட்டோம் என்று எழுதினால் மாற்றித் தருவார்கள். போய் உட்கார்ந்த பிறகு சொன்னால் முடியாது, அன்றன்றைக்குக் கணக்காக வாங்கிச் சமைப்பவர்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். காய்கறிச் சாறு என்று நாம் நினைப்பது, காய்ந்த மீனைச் சீவிப் போட்டுக் கொதிக்கவைத்த சாறாக இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குப் பௌத்தக் கோயில்களைச் சேர்ந்த விடுதிகள் பொருத்தம். ஷுக்குபோ என்று அவற்றுக்குப் பெயர். மியோஷின்ஜி போன்ற பெரிய கோயில் வளாகங்களில் இப்படித் தங்கலாம். துறவிகளின் மரக்கறி உணவில் மீன் சாறு சேராது. கடற்பாசியும் காளானும்தான் அதன் சுவைக்கு ஆதாரம். வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. எங்கே சாப்பாடு போடுகிறார்கள், எங்கே படுக்கை மட்டும் என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

இளைஞர் விடுதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1909ல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியரின் மனத்தில் உதித்த யோசனை அது. மாணவர்களோடு நடைப்பயணம் போனவர், மழையில் ஒதுங்க இடமில்லாமல் ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தபோது தோன்றியதாம். ஓர் ஆசிரியர் செய்த காரியம் என்பதால் எனக்கு அதில் ஒரு பெருமை. எங்கள் குழு மற்ற மூன்று இரவும் அப்படி ஒரு விடுதியில்தான் தங்கியது. ஓர் அறையில் எட்டுப் படுக்கை, ஒன்றின் மேல் ஒன்றாக. ஒருவர் குறட்டை விட்டால் எழுவருக்குத் தூக்கம் போகும். கழிவறை தாழ்வாரத்தின் கோடியில். ஆனால் ஆளுக்கு ஓர் இரவுக்கு நூறு வெள்ளியைச் சுற்றித்தான் வந்தது. பொதுச் சமையலறை இருந்ததால் அரிசி வாங்கிச் சோறாக்கி, கொண்டுபோன ஊறுகாயோடு சாப்பிட்டோம். படிக்கப்போகும் பிள்ளைகளுக்கும், கூட்டமாகப் போகும் இளைஞர்களுக்கும் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். எழுபது வயதுக்காரரை ஏணியில் ஏறி மேல் படுக்கைக்குப் போகச் சொல்வது நியாயமா?

ஆள் படுக்கும் அளவுக்கு மட்டும் பெட்டி பெட்டியாக அடுக்கிய விடுதிகளையும் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1979ல் ஒசாக்காவில் தொடங்கியது. வேலை முடிந்து கடைசி ரயிலைத் தவறவிட்டவர்களுக்கு அது போதும். குடும்பத்துக்கு அல்ல.

மிஞ்சுவது நவீன ஹோட்டல். பெரிய ஹோட்டல்களை விட்டுவிடுவோம். ரயில் நிலையங்களைச் சுற்றி, வேலை விஷயமாக வருவோருக்கென்று கட்டிய சிறிய ஹோட்டல்கள் நிறைய இருக்கின்றன. அறை மிகச் சிறியது. பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடமில்லை. ஆனால் கட்டில் உண்டு, தாளிட்டுக்கொள்ளச் சொந்தக் குளியலறை உண்டு, மின்தூக்கி உண்டு, தண்ணீர் சுடவைக்க மின்சாரக் கேத்தல் உண்டு. அந்தக் குளியலறையே ஒரு வேடிக்கை. 1964 தோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்காக அவசரமாகக் கட்டிய ஒரு பெரிய ஹோட்டலுக்கு, குளியலறைகளைத் தொழிற்சாலையிலேயே வார்த்துக் கொண்டுவந்து பொருத்தினார்கள். அந்த முறைதான் இன்று எங்கும் பரவியிருக்கிறது. அறை பிடிக்கும்போது ஓர் எச்சரிக்கை. இருவருக்கு என்று போட்டிருக்கும் சில கட்டில்கள் 120 சென்டிமீட்டர் அகலம்தான். நாலடி! வயதானவர்களுக்கு இரண்டு தனிக் கட்டில் உள்ள அறையாகப் பார்த்துக் கேளுங்கள்.

சரி, என் மாணவியின் கணக்குக்கு வருவோம். அவள் பார்த்து வைத்த சத்திரத்தில் ஆளுக்கு 25,000 யென். மூன்று பேருக்கு 75,000. நூறு யென்னுக்கு மூன்று வெள்ளி என்று வைத்தால் ஓர் இரவுக்கே 2,250 வெள்ளி. நான்கு இரவுக்கு 9,000. நிலையத்துக்கு அருகே ஹோட்டலில் இரண்டு அறை எடுத்தால் ஓர் இரவுக்கு 600 வெள்ளியைச் சுற்றி முடிந்துவிடும். மார்ச் கடைசியில் செர்ரிப் பூ பூக்கும்போதும், நவம்பரில் இலை சிவக்கும்போதும் இந்தத் தொகைகள் எல்லாம் எகிறிவிடும். இதற்கு மேல் நகராட்சி தங்குவோரிடம் ஒரு வரியும் வாங்குகிறது. 2018 அக்டோபரில் தொடங்கியது. வாடகை கூடினால் வரியும் கூடும்.

பணத்தைவிடப் பெரிய ஒன்றை அந்தத் தாயார் சொன்னார். மறுநாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் படத்தைக் காட்டக் காட்ட அவர் பேசாமல் இருந்தார். பிறகு, "வாத்தியாரையா, எங்க பெரியப்பா சயாம் ரயில் ரோட்டுக்குப் போனவரு. திரும்பி வரல. அவங்க வீட்டுல போயி நான் தரையில படுக்கணுமா?" என்றார்.

1942, 43ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய ராணுவம் போட்ட அந்த ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோனவர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவர் தம் பெரியப்பாவைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் ஆண்டுதோறும் அவர் பெயருக்கு ஓர் இலை போடும் குடும்பம் அது. நான் பதில் சொல்ல முயலவில்லை. மகளும் வற்புறுத்தவில்லை. "வேணாம்னா வேணாம்மா. ஓட்டல்லயே இருந்துட்டு வருவோம்" என்றாள். சிறிது நேரம் கழித்து அவராகவே, "ஒரு ராத்திரிதானே. பார்க்கிறேன்" என்றார்.

அப்படித்தான் முடிவாயிற்று. நான்கு இரவில் மூன்று ஹோட்டலில், ஒன்று ரியோகானில். அந்த ஒன்றை மூன்றாம் நாள் வைக்கச் சொன்னேன். முதல் நாள் வைத்தால், விமானம் தாமதமாகி, கன்சாயிலிருந்து ரயில் பிடித்துப் போவதற்குள் சாப்பாட்டு நேரம் தப்பிவிடும். எங்களுக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேர வேண்டாம். கடைசி நாள் வைத்தால் காலையில் அவசரம். பெரிய பெட்டிகளை ஹோட்டலிலேயே ஒப்படைத்துவிட்டு, ஒரு சிறு பையோடு போகச் சொன்னேன். தனிக் குளியல், மாட்டிறைச்சி இல்லாத சாப்பாடு, முட்டி வலிக்காரருக்குக் கால் வைத்த நாற்காலி மூன்றையும் அவள் முன்கூட்டியே எழுதிக் கேட்டாள். பதில் வந்த பிறகுதான் பணம் கட்டினாள். ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்ததும் போய்ப் பார்த்தேன். அந்தத் தாயார் என்ன சொன்னார் தெரியுமா? "அந்த வீட்டுல சோறு கொண்டுவந்த அம்மாவுக்கும் முட்டி வலிதான் வாத்தியாரையா. மண்டி போட்டு எல்லாத்தையும் எடுத்து வைக்கிறாங்க. எழும்பும்போது கைய ஊனிக்கிட்டுத்தான் எழும்புறாங்க. நான் பார்த்துட்டேன்னு தெரிஞ்சதும் சிரிச்சாங்க. ராத்திரி எனக்கு மட்டும் ரெண்டு மெத்தைய ஒண்ணு மேல ஒண்ணு போட்டு விட்டாங்க, எழும்ப லேசா இருக்கும்னு." பெரியப்பாவைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே, "விளக்க அணைச்சப்புறம் நெனச்சுக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

தகப்பனாருக்கு ரியோகான் பிடிக்கவில்லை. விடியற்காலை நாலரைக்கு எழுந்தவர், எட்டு மணிக்குப் பசியாறல் வரும்வரை, நடந்தால் மரத்தரை சத்தம் போடுமே என்று மூன்றரை மணி நேரம் மெத்தை மேலேயே உட்கார்ந்திருந்தாராம். ஹோட்டலில் அப்படி இல்லை. எழுந்ததும் கேத்தலில் தண்ணீர் வைத்து, கோலாலம்பூரிலிருந்து கொண்டுபோன காப்பித்தூளைக் கலக்கிக்கொண்டு, சன்னல் ஓரம் உட்கார்ந்து, ஆறு மணிக்கு மேல் ஓடத் தொடங்கும் அதிவேக ரயில்களை எண்ணினாராம். மூன்று காலையிலும் எத்தனை எத்தனை என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறார். என்னிடமும் காட்டினார்.